கைமாறிய பல்லக்கு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பொருள்களின் வரலாறு பல வேளைகளில் அவற்றின் பெயர்களுக்குள் ஒளிந்து கிடக்கிறது. நான்கு கதவும் மூடிய கூரையும் உடைய மகிழுந்தை அமெரிக்கர் ‘செடான்’ என்று வழங்குகின்றனர். மகிழுந்துக்கு வந்து சேருமுன் அச்சொல் ஒரு பல்லக்கின் பெயராக இருந்தது. 17ஆம் நூற்றாண்டு இலண்டனில், இரு தண்டுகளுக்கு நடுவே பொருத்திய மூடிய நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருக்க, முன்னொருவரும் பின்னொருவருமாக இருவர் அவரைச் சுமந்து சென்றனர். அந்த நாற்காலியே செடான். சுமந்தவர்கள் மறைந்தார்கள், பல்லக்கின் பெயர் மட்டும் இரும்பின்மேல் ஏறிக்கொண்டது.

அமெரிக்காவின் பழைய சொகுசு மகிழுந்துகளின் உடம்பில் பொறித்த பெயர்கள் பலவும் இவ்வாறு குதிரை வண்டிக் காலத்தைச் சேர்ந்தவை. ‘புரோம்’ என்பது பிரித்தானிய அரசியலாளராகிய புரோம் பிரபுவின் பெயரால் அமைந்த மூடு வண்டி. ‘டி வில்’ என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் நகரத்துக்குரியது என்று பொருள். ‘டவுன் கார்’ என்பது அதன் ஆங்கில வடிவம். இவ்விரண்டும் முதலில் குறித்தது, செலுத்துநர் வெயிலிலும் மழையிலும் வெளியே அமர்ந்திருக்க, உடையவர் கூரையின்கீழ் அமர்ந்து செல்லும் ஊர்தியை. ‘லாண்டோ’ என்பது கூரையை மடக்கத்தக்க வண்டி. அதன் வளைந்த மடக்குக் கம்பியை இன்றும் அமெரிக்கச் சவ ஊர்திகளின் பக்கச் சுவரில் அணியாக ஒட்டி வைத்திருப்பதைக் காணலாம். அது எதையும் மடக்குவதில்லை. பழைய செய்யுளில் பொருள் இழந்து ஓசைக்கு நிற்கும் அசைச்சொல்லைப் போல, அழகுக்காக அங்கே நிற்கிறது.

இத்தகைய ஊர்தி பழையதாகி, பலர் கைமாறி, எளிய வருவாய் உடைய ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது அக்கம்பக்கத்தார் சொல்லும் தீர்ப்பு ஒன்று உண்டு: விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பதே அது. இத்தீர்ப்பு எவ்வளவு நேர்மையானது என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

டெட்ராயிட்டு நகரை 1701இல் நிறுவிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் டி லா மோத் காடிலாக். அவர் பெயரை ஏற்று, 1902இல் ஹென்றி லேலண்டு என்னும் நுண்பொறியாளரின் வழிகாட்டலில் தோன்றியது கேடிலாக் நிறுவனம். தமிழ்ச் செவிக்கு இப்பெயர் ‘கேடிலா’ என்று ஒலிக்கும். கேடு இலாததாக இருந்ததா என்பதைப் பழைய ஊர்தியை வாங்கியவரே சொல்ல வேண்டும்.

1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் நடந்த ஒரு சோதனை இங்கு நினைக்கத்தக்கது. மூன்று கேடிலாக் ஊர்திகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார்கள். உறுப்புகளை ஒன்றாகக் கலந்தார்கள். எந்த உறுப்பு எந்த ஊர்திக்குரியது என்று அறியாத நிலையில் மீண்டும் மூன்று ஊர்திகளாகப் பூட்டி, ஒவ்வொன்றையும் 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தும் என்பது அன்று வியப்பு. அதற்காக டீவார் கோப்பை வழங்கப்பட்டது. 1912ஆம் ஆண்டு மாதிரியில் சார்லசு கெட்டரிங் ஆக்கிய மின் தொடக்கி இடம்பெற்றது. அதற்கு முன், பொறியைக் கைப்பிடியால் சுழற்றித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். தவறினால் கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறியும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலை வந்ததும், தோள்வலி மிக்க ஆடவர்க்கே உரியதாயிருந்த செலுத்துநர் இருக்கை பெண்களுக்கும் எளிதாயிற்று. சொகுசு என்று இகழப்படும் ஒன்று சிலருக்கு விடுதலையாகவும் அமைவதுண்டு.

இனி, பழமை எவ்வாறு ‘உற்பத்தி’ செய்யப்பட்டது என்பதையும் காண வேண்டும். செனரல் மோட்டார்சு நிறுவனத்தை வழிநடத்திய ஆல்பிரட் சுலோன், ஆண்டுதோறும் மாதிரியை மாற்றும் வழக்கத்தை நிலைநிறுத்தினார். 1927இல் ஹார்லி ஏர்ல் தலைமையில் கலை, வண்ணப் பிரிவு ஒன்று அங்கே தொடங்கியது. ஓடுகின்ற ஊர்தியை ஓடாமலாக்க வேண்டியதில்லை. அதன் உரிமையாளர் அதைப் பார்த்து நாணுமாறு செய்தால் போதும். இரண்டாம் உலகப் போரின் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைக் கண்ட ஏர்லின் குழுவினர், 1948ஆம் ஆண்டுக் கேடிலாக்கின் பின்புறத்தில் சிறு துடுப்புகளை முளைக்கச் செய்தனர். அவை ஆண்டுக்காண்டு வளர்ந்து 1959இல் உச்சத்தை எட்டின. பின் தேய்ந்து 1965ஆம் ஆண்டு மாதிரியில் மறைந்தன. அத்துடுப்புகளால் ஓட்டத்துக்கு எந்தப் பயனும் இல்லை. ஆயினும் துடுப்பின் உயரத்தைக் கண்டே ஊர்தியின் அகவையைச் சொல்லிவிடலாம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வது போன்றது அது.

அகவை வெளியே தெரிந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால், புதிதாய் வாங்க இயலாதவருக்கு வழி திறக்கும். இங்கேதான் இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி தொடங்குகிறது.

1930களின் தொடக்கத்தில், பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, கேடிலாக் விற்பனை நிலைகுலைந்தது. அக்காலத்தில் கறுப்பின மக்களுக்கு அவ்வூர்தியை விற்பதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. ஆனால் பழுதுபார்க்கும் பிரிவின் பொறுப்பிலிருந்த நிக்கலசு டிரைசுடட் வேறொன்றைக் கண்டார். அங்கே வந்து நின்றவர்களில் கறுப்பினத்தைச் சேர்ந்த வணிகரும் மருத்துவரும் குத்துச்சண்டை வீரரும் பாடகரும் இருந்தனர். வெள்ளையர் ஒருவருக்குப் பணம் கொடுத்து அவர் பெயரில் வாங்கச் செய்து, பிறகு தாம் பெற்றுக்கொண்டவர்கள் அவர்கள். இதை நிருவாகக் குழுவினர்முன் எடுத்துச் சொல்லி அத்தடையை நீக்கச் செய்தார் டிரைசுடட் என்று மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். தடை நீங்கியது அறத்தால் அன்று, விற்பனைக் கணக்கால் என்பதையும் மறக்கலாகாது. 1934இல் டிரைசுடட் கேடிலாக்கின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார்.

தடை நீங்கிய பின்னரும் ஏளனம் நீங்கவில்லை. குடியிருக்க நல்ல வீடில்லை, கேடிலாக் ஒரு கேடா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வீடு ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கவில்லை. நகரின் நல்ல பகுதிகளில் கறுப்பினத்தார்க்கு விற்பதில்லை என்னும் உடன்படிக்கைகள் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தன. அவற்றை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகமோ, கறுப்பினத்தார் வாழும் பகுதிகளின் வீட்டுக்கடன்களுக்குக் காப்புறுதி அளிக்க மறுத்தது. பணம் இருந்தும் வாங்க முடியாதது வீடு. பணம் கொடுத்தால் வாங்க முடிந்தது ஊர்தி. 1949 செப்டம்பரில் சிக்காகோவிலிருந்து வெளிவந்த ‘எபனி’ இதழ், கறுப்பின மக்கள் ஏன் கேடிலாக் வாங்குகிறார்கள் என்பதையே தலையங்கமாக எழுதியது. அது வெற்று ஆடம்பரம் அன்று. தாமும் எவர்க்கும் குறைந்தவர் அல்லர் என்பதன் அடையாளம் என்பது அத்தலையங்கத்தின் சாரம்.

அடையாளம் மட்டுமா? நெடுவழியில் உணவகமும் விடுதியும் கதவடைத்த நாட்டில், அகன்ற பின்னிருக்கை படுக்கையாயிற்று. விரிந்த சாமான் அறை கட்டுச்சோற்றுக்கும் நீருக்கும் இடமாயிற்று. நடுவழியில் பழுதாகி நிற்காத ஊர்தி என்பது அவர்களுக்கு வசதி அன்று, உயிர்க்காப்பு. எந்த ஊரில் தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று சொல்லும் ‘பச்சைப் புத்தகம்’ என்னும் வழிகாட்டியை, நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த அஞ்சல்காரரான விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கினார். அது 1960களின் நடுப்பகுதிவரை வெளிவந்துகொண்டிருந்தது என்பதே அத்தேவையின் நீளத்தைக் காட்டும். 1955 டிசம்பரில் மான்ட்கமெரி நகரில் பேருந்துப் புறக்கணிப்புத் தொடங்கி 381 நாள் நீடித்தபோது, சொந்த ஊர்தி வைத்திருந்த கறுப்பினத்தவர் அவற்றைப் பொதுவாக்கி மற்றவரைப் பணிக்கு ஏற்றிச் சென்றனர். பேருந்தின் முன்னிருக்கை மறுக்கப்பட்ட மக்களுக்குத் தம் ஊர்தியின் எந்த இருக்கையும் மறுக்கப்படவில்லை.

ஆயினும் அந்நாள்களின் நினைவுகளில் ஒரு செய்தி நெஞ்சை உறுத்துவது. நல்ல ஊர்தி வைத்திருந்த கறுப்பினத்தவர் சிலர், தொலைவழிப் பயணங்களில், பணியாளராகிய செலுத்துநர் அணியும் தொப்பி ஒன்றை உள்ளே வைத்திருந்தனர். காவலர் நிறுத்தி இந்த ஊர்தி யாருடையது என்று கேட்டால் தொப்பியைக் காட்டி, வெள்ளை முதலாளியின் ஊர்தியைக் கொண்டுசெல்வதாகச் சொல்ல வேண்டும். உடையவர் ஊழியராக நடிக்க வேண்டும். உடன் அமர்ந்திருக்கும் மனைவி, அவ்வீட்டுப் பணிப்பெண்ணாக வாய்மூடி இருக்க வேண்டும். பல்லக்குக்கு விலை கொடுத்தவர், பல்லக்குத் தூக்கியாகத் தம்மைச் சொல்லிக்கொண்டால்தான் ஊர் போய்ச் சேரலாம். பின்னிருக்கையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் நெஞ்சில் என்ன பதிந்திருக்கும்? விரலுக்குத் தகுந்த வீக்கம் பேசுவோர் இத்தொப்பியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வறுமையிலிருந்து வந்த வெள்ளையரிடத்தும் இவ்வேட்கைக்கு வேறொரு முகம் உண்டு. மிசிசிப்பி மாநிலத்துத் துப்பிலோவில் ஈரறை வீட்டில் பிறந்த எல்விசு பிரெசிலி, 1955இல் வாங்கிய கேடிலாக் செடானுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசித் தம் அன்னைக்கு உரியதாக்கினார். அன்னையாரிடம் ஊர்தி செலுத்தும் உரிமமே இல்லை. அவ்வூர்தி இன்றும் மெம்பிசு நகரில், கிரேசுலாந்து இல்லத்துக் காட்சிப்பொருளாக நிற்கிறது. ஓட்டத் தெரியாத தாய்க்கு ஊர்தி எதற்கு என்று கணக்குக் கேட்கும்; மகன் கேட்கமாட்டான்.

இனி, அத்தகைய பழைய ஊர்தியை இன்று வாங்குவோர் நிலைக்கு வரலாம். புதிதாய் இருந்தபோது வீட்டு விலையோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டது, 15 ஆண்டில் எளியவர் கைக்கு எட்டுகிறது. ஆனால் விலை இறங்கினாலும் பராமரிப்புச் செலவு இறங்குவதில்லை. யானையை வாங்கியவர் அங்குசத்தோடு கவளத்தையும் எண்ண வேண்டும். அதிலும் ஊர்தி சேகரிப்போர் பெரிதும் விரும்புவது இரு கதவு ஊர்திகளையும் கூரை திறப்பனவற்றையுமே. பிள்ளைகளையும் முதியோரையும் சுமந்து, திருமணத்துக்கும் இழவுக்கும் ஓடிய நான்கு கதவுச் செடான் அவர்களுக்கு இரண்டாந்தரம். அழகிய இரு கதவு ஊர்தி ஒன்றுக்கு உறுப்பு வழங்கவென்றே உடைக்கப்பட்ட செடான்கள் பல. குடும்பத்துக்கு உழைத்ததற்குக் கிடைத்த பரிசு அது.

வாங்கச் செல்பவர் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அன்று, அடிப்பகுதியை. மிச்சிகன், ஒகையோ போன்ற வடமாநிலங்களில் பனிக்காலச் சாலைகளில் உப்பைத் தூவுகின்றனர். அவ்வுப்பு அடிச்சட்டத்தைத் தின்றுவிடும். அரிசோனாவின் வறண்ட நிலத்தில் இரும்பு கெடாது. ஆனால் வெயில், முன்பலகையையும் தோல் இருக்கைகளையும் வெடிக்கச் செய்யும். கூரைமேல் ஒட்டிய வினைல் உறையின்கீழ் ஈரம் தங்கித் துரு மறைவாக வளர்வதும் உண்டு. ஆங்காங்கே உறை கொப்பளித்திருந்தால் அழகுக்குக் கீழே அழிவு என்று கொள்ளலாம்.

அடுத்தது பொறி. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த ஊர்தியை நம்புதல் கூடாது. குளிர்ந்து கிடக்கும் பொறியை வாங்குபவர் முன்னிலையில் உயிர்ப்பிக்க வேண்டும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அடங்காத வெண்புகை, குளிர்நீர் உள்ளே கசிவதைக் காட்டும். பற்சக்கரப் பெட்டியின் நீர்மம் செந்நிறமாய்த் தெளிந்திருத்தல் நன்று. கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் விலகிவிடுதல் நலம். பழைய தொலைவுமானி பலவற்றில் ஐந்து இலக்கமே உண்டு. 99,999 மைல் கடந்ததும் மீண்டும் சுழியத்திலிருந்து இளமை தொடங்கும். தொலைவுமானியைத் திருத்தி விற்பதைத் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1972இல். 1981ஆம் ஆண்டு மாதிரி முதல் ஒவ்வோர் ஊர்திக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி உண்டு. அதை உரிமைச் சான்றோடு ஒப்பிடாமல் பணம் கைமாறலாகாது. சக்கர உறையின் வரிப்பள்ளம் புதிது போலத் தோன்றினும், பக்கச் சுவரிலுள்ள நான்கிலக்க எண்ணைப் பார்த்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் அவ்வெண்ணின் முன்னிரண்டு இலக்கம் வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. ஓடாமலே முதிர்ந்த இரப்பர், ஓடும்போது வெடிக்கும்.

எந்த ஆண்டு என்பதும் கருதத்தக்கது. 1976இன் செடான் டி வில் ஏறத்தாழ 19 அடி நீளமும் 2,300 கிலோ எடையும் 8.2 லிட்டர் பொறியும் கொண்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அப்பெருமை நிலைக்கவில்லை. 1977இல் உடல் சுருங்கியது. 1981இல், தேவைக்கேற்ப எட்டு உருளைகளில் இரண்டையோ நான்கையோ ஓய்வுறச் செய்யும் பொறி வந்தது. எண்ணம் உயர்ந்தது, அதை ஆண்ட கணினிக்கு ஆற்றல் போதவில்லை. உரிமையாளர் பலர் அவ்வமைப்பின் கம்பியைக் கழற்றி எட்டையும் எப்போதும் ஓடவிட்டனர். காலத்துக்கு முன் பிறந்த கவிதைக்கும் இக்கதி நேர்வதுண்டு. அடிச்சட்டத்தின்மேல் உடலைத் தனியே ஏற்றி, பின்சக்கரத்தால் இயங்கிய பெரிய கேடிலாக் செடானின் மரபு 1996இல் முடிந்தது. லிங்கன் டவுன் கார் 2011 வரை தாங்கியது. டவுன் காரின் பின்புறத்தைத் தாங்குவன காற்றுப்பைகள். அவை முதிர்ந்து கசியும்போது, இரவு நிமிர்ந்து நின்ற ஊர்தி விடியலில் பின்புறம் தாழ்ந்து, மண்டியிட்ட யானை போலக் கிடக்கும்.

இத்தனைக்கும் பிறகு எதற்காக வாங்க வேண்டும்? ஓட்டிப் பார்த்தவர் சொல்லும் விடை, அமைதி என்பதே. சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே இரப்பர்த் தாங்கிகளை வைத்துச் சாலையின் அதிர்வு மேலேறாமல் காத்தனர். மேடுபள்ளம் காலுக்கு எட்டாது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனும் ஓசையின்றியே வருகிறான். சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தன் தேர்மணியின் நாவைக் கட்டியவன் அவன். டெட்ராயிட்டின் பொறியாளர் ஆக்கிய அமைதி உள்ளே இருப்பவருக்கு. அத்தலைவன் ஆக்கிய அமைதி வெளியே இருக்கும் சிற்றுயிர்க்கு. இவ்வேறுபாட்டை மறைத்துப் பழைய ஊர்தியைப் புகழ்ந்தால் அது புகழ்ச்சி ஆகாது. ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் ஓடிய ஊர்தி காற்றுக்கு இழைத்தது சிறிதன்று.

ஆயினும் இன்று அதை வைத்திருப்பவர், முதன்முதலில் வாங்கியவரைப் போன்றவர் அல்லர். முதலுரிமையாளர் அதைக் கொண்டு தம் செல்வத்தைக் காட்டினார். மூன்றாம் கையினர் தம் உழைப்பைக் காட்டுகிறார். சன்னல் கண்ணாடியை ஏற்றும் சிறு மின்னோடி ஒன்றுக்காக உடைப்புக் கிடங்குகளில் ஒரு நாள் முழுதும் தேடுகிறார். துருவேறிக் கிடக்கும் வேறோர் ஊர்தியின் கதவிலிருந்து அதைக் கழற்றி வந்து பூட்டுகிறார். அது பொருந்துகிறது. 1908இல் புரூக்லண்ட்சில் வியப்பாயிருந்த ஒன்று, அவர் கொல்லையில் ஒரு மாலைப்பொழுதில் இயல்பாக நிகழ்கிறது.

டெக்சாசு மாநிலத்து அமரில்லோ நகருக்கருகே, 1974இல், ‘எறும்புப் பண்ணை’ என்னும் கலைஞர் குழுவினர் பத்துக் கேடிலாக் ஊர்திகளை மூக்குக் கீழாக மண்ணில் புதைத்து வரிசையாக நிறுத்தினர். 1949 முதல் 1963 வரையிலான மாதிரிகள் அவை. பெரும்பாலும் பழைய ஊர்திக் கடைகளிலும் உடைப்புக் கிடங்குகளிலும் வாங்கியவை. நகரம் நெருங்கி வரவே 1997இல் அவற்றை மேற்கே சிறிது தொலைவு பெயர்த்து நட்டனர். வருவோரெல்லாம் வண்ணம் பூசி, பெயர் எழுதிச் செல்கின்றனர். தமிழறிந்தவர் கண்ணுக்கு அவை நடுகற்களாகவே தோன்றும். பெயரும் பீடும் எழுதி நட்ட கற்கள். யாருடைய பெயர், எதன் பீடு என்பதில் மட்டும் தெளிவில்லை.

இவ்வட்டத்துக்கு இது பத்தாம் ஆண்டு. மண்ணில் நட்டு வைத்த பத்தும் உண்டு, இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழையவையும் உண்டு. நட்டவற்றுக்கு வண்ணம் பூசுவோர் பலர். ஓடுபவற்றுக்கு எண்ணெய் இடுவோர் சிலர். முன்னோர் மொழியையும் பாட்டையும் பெற்றிருக்கும் கவிஞர்க்கும் இவ்விரு வழிகளே உள்ளன.

பழைய செடானின் உரிமையாளர் விடியலில் எழுந்து, எண்ணெய் அளவைக் கம்பியால் பார்த்து, துணியால் துடைத்து, பொறியின் முதல் ஒலிக்குச் செவி சாய்க்கிறார். பிறகு கதவைத் திறந்து செலுத்துநர் இருக்கையில் அமர்கிறார். அந்தப் பல்லக்கில் ஏறுபவரும் அவரே. அதைச் சுமப்பவரும் அவரே. யாருடைய ஊர்தி இது என்று எவரேனும் நிறுத்திக் கேட்டால், தொப்பியைத் தேடாமல், என்னுடையது என்று அவர் சொல்ல முடிய வேண்டும்.